ஓர் அங்குலத்தின் வரலாறு

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் மனிதன் தன் கையால் ஆக்கிய பொருள்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு சிறு அளவுக்குக்கூட வரலாறு உண்டு. இன்று நேயர்களுக்கு நான் கூற விரும்புவது அத்தகைய ஒரு சிறிய அளவின் வரலாறு. இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார் 1974ஆம் ஆண்டில் தரையிலிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலம் உயர்த்தப்பட்டது. ஒன்றரை அங்குலம் என்று கணக்கிடுவோரும் உளர். அந்த ஓர் அங்குலத்தை ஏன் உயர்த்தினார்கள், உயர்த்தியதால் என்ன நேர்ந்தது, அதை மீண்டும் தாழ்த்த எண்ணுபவர்கள் இன்று எதை நினைவிற்கொள்ள வேண்டும் என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

அந்த வண்டியின் பெயர் எம்.ஜி.பி. 'எம்.ஜி.' என்னும் எழுத்துகள் 'மோரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். வில்லியம் மோரிஸ் என்பவர் ஆக்ஸ்போர்டு நகரில் நடத்திவந்த மோட்டார் விற்பனை நிலையத்தின் பெயர் அது. அந்நிலையத்தின் மேலாளராக 1922இல் பொறுப்பேற்ற ஸெஸில் கிம்பர், சாதாரண மோரிஸ் வண்டிகளின் உறுப்புகளைக் கொண்டே விரைவும் அழகும் உள்ள சிறு வண்டிகளை உருவாக்கினார். அவை புகழ்பெறவே, 1929ஆம் ஆண்டில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஆபிங்டன் என்னும் சிற்றூரில் அவற்றுக்கெனத் தனித் தொழிற்சாலை அமைந்தது. பெருஞ்செல்வர்க்கு மட்டுமே உரியதாக இருந்த ஸ்போர்ட்ஸ் காரை நடுத்தர வருவாயுள்ள இளைஞனும் வாங்கத்தக்கதாக ஆக்கிய பெருமை அத்தொழிற்சாலையைச் சேரும்.

1962ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.ஜி.பி. அந்தப் பரம்பரையின் புகழ்மிக்க வாரிசு. அதை வடிவமைத்த குழுவின் தலைமைப் பொறியாளர் ஸிட் எனெவர். அதன் இயந்திரம் 1,798 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகம் செல்லவல்லது. ஆனால் வேகத்தினும் பெரிதாக அந்த வண்டிக்குப் பெயர் வாங்கித் தந்தது அதன் நடத்தை. திருப்பங்களில் அது ஓட்டுபவரின் கைக்கு அடங்கி, அடுத்து என்ன செய்யப்போகிறது என்பதை முன்னதாகவே அறிவித்து ஓடிற்று. அந்த நடத்தைக்கும் வண்டியின் உயரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. அவ்வுறவை விளங்கிக்கொண்டாலன்றி, பின்னர் நிகழ்ந்தவை விளங்கமாட்டா.

நம் நாட்டில் வில்வண்டி என்று ஒன்று இருந்ததை மூத்த நேயர்கள் அறிவார்கள். இருசின்மீது நேரே அமர்ந்த கட்டைவண்டி கல்லில் ஏறினால் எலும்பெல்லாம் நோகும். அதே கல்லில் வில்வண்டி ஏறினால், இடையே உள்ள எஃகுப் பட்டைகள் வளைந்து அதிர்ச்சியைத் தாம் வாங்கிக்கொள்ளும். எம்.ஜி.பி. வண்டியின் பின்புறத்தில் இருப்பது ஏறக்குறைய அதே வில்வண்டியின் வில்தான். பல எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த இரண்டு விற்களின்மீது பின் அச்சு அமர்ந்திருக்கிறது. முன்புறத்திலோ ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே ஒரு சுருள் வில் உண்டு. அதன் மேல்முனை வண்டியின் குறுக்குத் தாங்கியைத் தாங்குகிறது. கீழ்முனை சக்கரத்தைப் பிடித்துள்ள கீழ்க் கையின்மீது நிற்கிறது.

வில்லின் இயல்பு என்ன? ஏற்றும் சுமைக்கு ஏற்ற அளவில் அது அமுங்கும் என்பதை இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டார். இரட்டைச் சுமைக்கு இரட்டை அமுக்கம். ஆகவே வண்டியின் எடை, வில்லின் கடினம், வில்லின் இயற்கையான நீளம், அது பொருந்தியிருக்கும் இடம் ஆகிய நான்கும் சேர்ந்தே வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்கின்றன. உயரம் என்பது இந்த நான்கும் கூடிச் சொல்லும் விடை. விடையை மட்டும் அழித்து எழுதிவிட்டுக் கணக்கை அப்படியே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இனி வரும் கதை.

எம்.ஜி.பி. வண்டிகளுள் பெரும்பகுதி அமெரிக்காவில் விற்பனையாயிற்று. அந்த நாட்டில் 1965ஆம் ஆண்டில் ரால்ஃப் நேடர் என்னும் இளம் வழக்கறிஞர் மோட்டார் வண்டிகளின் பாதுகாப்புக் குறைகளைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். ஓர் அமெரிக்க வண்டியின் பின்சக்கர வில் அமைப்பில் இருந்த குறையே அந்நூலின் முதல் அத்தியாயத்துக்குப் பொருளாயிற்று என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. மக்களிடையே எழுந்த கிளர்ச்சியின் பயனாக, 1966ஆம் ஆண்டில் வண்டிகளின் பாதுகாப்பு பற்றிய சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் வழியாக விதிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்தன.

அவற்றுள் ஒன்று பம்பர் பற்றியது. 1973ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள், முன்புறத்தில் மணிக்கு 5 மைல் வேகத்திலும் பின்புறத்தில் இரண்டரை மைல் வேகத்திலும் ஒரு சுவரில் மோதினாலும் விளக்குகளும் எரிபொருள் அமைப்பும் பழுதுபடாமல் இருக்க வேண்டும் என்று அவ்விதி கூறியது. அடுத்த ஆண்டில் பின்புறத்துக்கும் 5 மைல் என்று விதி இறுகியது. பம்பர் எந்த உயரத்தில் அடியைத் தாங்கவேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு வண்டியின் பம்பர் மற்றொன்றின் பம்பருக்கு நேராக இருந்தாலன்றி, மோதும் வேளையில் ஒன்று மற்றொன்றின் அடியில் நுழைந்துவிடும். பம்பர் இருந்தும் பயனற்றுப் போகும். விளக்குகள் மிகத் தாழ இருந்தால் வெளிச்சம் தொலைவுக்குச் செல்லாது. ஆகவே அவற்றின் உயரத்துக்கும் விதி உண்டு. 1962இல் தாழ்வாக வடிவமைத்த வண்டி இந்த விதிகளுக்கு எட்டவில்லை.

இந்நிலையில் என்ன செய்வது? முன்முகப்பைப் புதிதாக வடிவமைத்து, விளக்குகளையும் பம்பரையும் உரிய உயரத்தில் அமைத்து, வண்டியின் உடலை இருந்த உயரத்திலேயே நிறுத்துவது ஒரு வழி. அதற்குப் புதிய அச்சுகளும் பெரும் பொருட்செலவும் வேண்டும். அப்போது எம்.ஜி. தொழிற்சாலை பிரிட்டிஷ் லேலண்ட் என்னும் பெரிய கூட்டு நிறுவனத்தின் கீழ் இருந்தது. பல பழைய நிறுவனங்கள் 1968ஆம் ஆண்டில் இணைந்து உருவானது அது. 1974ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனம் அரசாங்கத்தின் உதவியை நாடும் நிலைக்கு வந்துவிட்டது. 1975இல் அதன் பங்குகளில் பெரும்பகுதி அரசாங்கத்தின் கைக்கு மாறியது. ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென ஒதுக்கிய பணமோ, அதே நிறுவனம் ட்ரையம்ப் என்னும் பெயரில் வெளியிட இருந்த டி.ஆர்.7 என்ற புதிய வண்டிக்குச் சென்றது. பன்னிரண்டு வயதாகிவிட்ட எம்.ஜி.பி.யின் பங்குக்கு மிஞ்சியது மிகச் சிறிது.

எனவே செலவு குறைந்த வழியைக் கைக்கொண்டார்கள். பளபளத்த குரோம் பம்பர்களை அகற்றி, எஃகுச் சட்டத்தின்மேல் கருநிறப் பிளாஸ்டிக் போர்த்திய கனத்த பம்பர்களை முன்னும் பின்னும் பொருத்தினார்கள். பின்னர் முன்புறக் குறுக்குத் தாங்கியையும் பின்புறப் பட்டை விற்களின் அமைப்பையும் மாற்றி, வண்டி முழுவதையும் உயர்த்தி நிறுத்தினார்கள். 1974ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் முதல், அமெரிக்காவுக்குச் செல்லும் வண்டிகளுக்கு மட்டுமின்றி, அவ்விதிகள் செல்லாத இங்கிலாந்தில் விற்கும் வண்டிகளுக்கும் இதே அமைப்பு வந்தது. இரண்டு வகையாகச் செய்வதற்குக் கூடுதல் செலவாகும் அல்லவா?

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஆசிரியத் தொழிலில் இருந்தவன் கணக்கை விட்டுவிட்டுப் பேசுவது அழகன்று. வண்டி திருப்பத்தில் செல்லும்போது உட்புறச் சக்கரங்களின் சுமையில் ஒரு பகுதி வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவுக்கு இந்த மாற்றமும் மிகும். வலப்புற இடப்புறச் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் குறையும். எம்.ஜி.பி. வண்டியில் அந்த அகலம் ஏறக்குறைய 49 அங்குலம். வண்டியின் எடையில் பாதி அளவுக்குப் பக்கவாட்டு விசை எழும் ஒரு கடுந்திருப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் ஓர் அங்குலம் உயர்ந்தால், கூடுதலாக மாறும் சுமை வண்டியின் எடையில் 49இல் ஒரு பங்கின் பாதி. அதாவது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். ஆம், இவ்வளவுதான். எனினும் அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தவர்கள், அது திருப்பங்களில் சாய்கிறது, பழைய உறுதி போய்விட்டது என்று குறை கூறினார்கள். அவர்கள் கூறியது பொய்யன்று. நூற்றில் ஒரு பங்கு இத்தனை மாறுதலை எவ்வாறு செய்யும்?

விடை பின் அச்சில் இருக்கிறது. அந்த அச்சைப் பட்டை வில் தாங்குவதோடு நிற்கவில்லை. அது முன்னே பின்னே நகராதபடி பிடித்திருப்பதும் அதே வில்தான். வில்லின் முன்பாதியை, முன்முனையில் கீல் வைத்த ஒரு கோலாகக் கருதலாம். வண்டியை உயர்த்தியபோது அந்தக் கீலும் உயர்ந்தது. ஆகவே கோல் கீலிலிருந்து அச்சை நோக்கி முன்னிலும் அதிகமாகக் கீழ்நோக்கிச் சரிந்து நின்றது. திருப்பத்தில் வண்டி சாயும்போது, வெளிப்புறச் சக்கரம் உடலை நோக்கி மேலே எழும். சரிந்து நிற்கும் கோல் கிடைமட்டத்தை நோக்கி எழும்போது, அதன் முனை சற்றுப் பின்னே செல்லும். உட்புறத்தில் இதற்கு மாறாக முனை முன்னே வரும். ஒரு பக்கம் பின்னும் மறுபக்கம் முன்னும் நகர்ந்தால், அச்சு முழுவதும் சிறிது திரும்பிவிடும். எத்திசையில்? வண்டியின் பின்புறத்தைத் திருப்பத்தின் வெளிப்பக்கம் கொண்டுசெல்லும் திசையில். ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் தொடாமலே பின் அச்சு தானே வண்டியைத் திருப்புகிறது என்று சொல்லலாம்.

வண்டி எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுக்கு இந்தத் தீங்கு வளரும். ஆகவே சாய்வைத் தடுக்கும் உறுப்புகளை அந்த வேளையில் வலுப்படுத்தியிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. முன்சக்கரங்கள் இரண்டையும் இணைத்துச் சாய்வைக் கட்டுப்படுத்தும் எஃகுத் தண்டு ஒன்று உண்டு. 1975ஆம் ஆண்டு மாதிரியின் திறந்த வண்டிகளில், செலவைக் குறைக்கும் பொருட்டு, அத்தண்டையும் நீக்கிவிட்டார்கள். விரும்புவோர் தனியே விலை கொடுத்துப் பெறலாம் என்று வைத்தார்கள். உயரம் கூடிய வேளையில், பம்பரின் கனமும் கூடிய வேளையில், ஊன்றுகோலைப் பிடுங்கியது போலாயிற்று. பிழை உணரப்பட்டது. 1977ஆம் ஆண்டு மாதிரியில் முன்புறத்துக்குத் தண்டு திரும்பி வந்தது. பின்புறத்துக்கும் புதிதாக ஒரு தண்டு சேர்க்கப்பட்டது. வண்டியின் நடத்தை பெரிதும் சீர்பட்டது. உயரம் மட்டும் குறையவில்லை.

ஓர் அங்குலத்தால் ஒரு தொழிற்சாலை அழிந்தது என்று சொல்ல நான் துணியேன். நாணய மதிப்பின் ஏற்றம், நிறுவனத்தின் உட்பூசல்கள், முதுமையடைந்த வடிவம் எனக் காரணங்கள் பல. ஆபிங்டனில் எம்.ஜி. குடியேறிய ஐம்பதாம் ஆண்டு நிறைவை 1979ஆம் ஆண்டு செப்டம்பரில் ஊரார் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் ஓய்ந்த கையோடு, அம்மாதம் 10ஆம் நாள், அங்கே எம்.ஜி. வண்டிகள் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. 1980ஆம் ஆண்டு அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளிவந்தது, தொழிற்சாலையின் கதவுகள் மூடப்பட்டன. பதினெட்டு ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அங்கே உருவாகியிருந்தன. அவற்றைச் செய்த கைகள் வேறு வேலை தேடிச் சென்றன.

ஆனால் வண்டிகள் மறையவில்லை. அவற்றைப் பேணுவோர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெருகினார்கள். பழைய அச்சுகளைக் கொண்டு 1988ஆம் ஆண்டு முதல் புதிய உடற்கூடுகளே மீண்டும் செய்யப்பட்டன என்றால் அந்த அன்பின் அளவை நேயர்கள் அறிந்துகொள்ளலாம். 1974க்குப் பின் பிறந்த வண்டியை வைத்திருப்பவர்களுள் பலருக்கு ஓர் ஆசை உண்டு. தொழிற்சாலை உயர்த்திய அந்த அங்குலத்தைத் தாம் தாழ்த்திவிட வேண்டும் என்பதே அது. ஆசை நியாயமானதே. ஆயினும் உயர்த்தியவர்கள் செய்த பிழையைத் தாழ்த்துபவர்களும் செய்வதற்கு இடம் உண்டு.

தாழ்த்துவதற்கு உள்ள வழிகள் எளியவை. முன்புறத்தில் நீளம் குறைந்த சுருள் வில்லைப் பொருத்தலாம். பின்புறத்தில் வளைவு குறைந்த பட்டை வில்லைப் பொருத்தலாம். அல்லது அச்சுக்கும் வில்லுக்கும் இடையே ஓர் உலோகக் கட்டையை வைக்கலாம். இவற்றுள் வளைவு குறைந்த வில், முன்னே சொன்ன சரிவையும் குறைப்பதால் நோயின் மூலத்தைத் தொடுகிறது. உலோகக் கட்டை உயரத்தைக் குறைக்கும். வில்லின் வளைவை மாற்றாது. மேலும் அச்சுக்கும் அதன் மேலே உள்ள ரப்பர் தடுப்புக்கும் இடையே இருக்கும் இடைவெளி, கட்டையின் கனத்துக்குச் சமமாகக் குறைந்துவிடும். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அச்சு ரப்பரில் இடிக்கும். சிலர் சுருள் வில்லின் ஒரு சுற்றை அறுத்துவிடுவதும் உண்டு. சுற்று குறைந்தால் வில்லின் கடினம் கூடும். அறுத்த முனை தன் இருக்கையில் ஒழுங்காக அமராது. சிக்கனம் என்று எண்ணிச் செய்யும் இக்காரியம் ஆபத்தில் முடியலாம்.

முன்புறத்தைத் தாழ்த்தினால், சக்கரம் நிற்கும் சாய்வும் ஸ்டியரிங் கம்பிகள் நிற்கும் கோணமும் மாறும். இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று ஒத்த திசையில் நோக்குகின்றனவா என்று மீண்டும் அளந்து திருத்தாவிட்டால், டயர்கள் விரைவில் தேயும். மேடு பள்ளங்களில் வண்டி தானே அலையும். முன்னைத் தாழ்த்திப் பின்னை விட்டுவிட்டாலோ, சுமையின் பங்கீடும் ஓட்டுபவரின் நம்பிக்கையும் குலையும்.

ஆகவே, அளவே முதற்படி. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் உரிய காற்று நிரப்பி, சிறிது தூரம் உருட்டி விற்கள் தம் நிலையில் அமர்ந்த பிறகே அளக்க வேண்டும். தரையிலிருந்து அளப்பதைவிட, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதன் மேலே உள்ள வளைவின் விளிம்பு வரை அளப்பது நன்று. அப்போது டயரின் தேய்மானம் கணக்கைக் கெடுக்காது. நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிவைத்தால், சிலருக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். ஒரு பக்கத்து வில் பல்லாண்டுச் சுமையால் தளர்ந்து, வண்டி ஏற்கெனவே கோணலாக நிற்கும். அத்தகைய வண்டிக்கு முதலில் வேண்டியது சமன் செய்தல். தாழ்த்துவது அதன் பிறகே.

வேலையின்போது மறக்கக்கூடாதவை இரண்டு. அமுங்கியிருக்கும் சுருள் வில்லில் அடங்கியுள்ள விசை ஓர் ஆளைக் கொல்லவும் வல்லது. உரிய கருவியும் பழகிய கையும் இன்றி அதை அவிழ்க்கலாகாது. மற்றொன்று, ரப்பர் பொருத்திய மூட்டுகளின் மரைகளை, வண்டி தன் எடையோடு சக்கரங்களில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். உயரமும் பொய்யாகும், ரப்பரும் விரைவில் கிழியும்.

இந்த வரலாற்றில் குற்றவாளியைத் தேடுவோர் சட்டத்தைக் காட்டுவது வழக்கம். சட்டம் கேட்டது சிறு மோதலைத் தாங்கும் பம்பரையும் உரிய உயரத்தில் நிற்கும் விளக்கையும்தான். ஊன்றுகோலைப் பிடுங்கும்படி அது கேட்கவில்லை. பணமும் காலமும் இல்லாத நிலையில், ஒன்றோடொன்று பொருந்தியிருந்த பல உறுப்புகளுள் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவை தாமே ஒத்துப்போகும் என்று விட்டதில்தான் பிழை நேர்ந்தது. நன்கு அமைந்த பொருளில் எந்த அளவும் தனியே நிற்பதில்லை. ஸிட் எனெவரும் அவருடைய குழுவினரும் 1962இல் அந்த உயரத்தை வைத்தபோது, வில்லின் சரிவும் அச்சின் போக்கும் உடலின் சாய்வும் அதனுள் அடங்கியிருந்தன. அதைத் தொடுபவர் உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் அவை அத்தனையையும் தொடுகிறார்.

இது மோட்டார் வண்டிக்கு மட்டும் உரிய பாடமா என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். பள்ளியின் பாடத்திட்டமாயினும், ஊரின் கால்வாயாயினும், முன்னோர் வைத்த ஓர் அளவை மாற்றும் உரிமை பின்வந்தவர்க்கு உண்டு. காலம் கோரும்போது மாற்றுவது கடமையும் ஆகும். அந்த அளவோடு பிணைந்தவை எவை என்று கேட்டறிந்து, அவற்றையும் சேர்த்துச் சீர்செய்பவரே அந்த உரிமைக்குத் தகுதியுடையவர்.